செருகி பொருந்தினால் போதுமா?

ஒற்றைப் பலகைக் கணிப்பொறி கைக்கு வந்ததும், எந்த நிரலை எழுதலாம் என்றே மனம் பறக்கிறது. ஆனால் முதல் பாடம் மின்சாரமாகவே இருக்க வேண்டும் என்பேன்.

2019இல் வெளிவந்த ஜெட்சன் நானோ பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் மைக்ரோ யூஎஸ்பி வாயிலில் 5 வோல்ட், 2 ஆம்பியர் தரலாம். அதாவது 10 வாட். வட்டத்துளை வாயிலில் 5 வோல்ட், 4 ஆம்பியர். அதாவது 20 வாட். ஜே48 எனக் குறித்த இரு ஊசிகளை ‘ஜம்பர்’ என்னும் சிறு மூடியால் இணைத்தால்தான் வட்ட வாயில் வேலை செய்யும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகே ஜம்பரைத் தொட வேண்டும்.

பள்ளிகளின் அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் பழகிய அர்டுயினோ ஊனோவின் வட்ட வாயிலோ 7 முதல் 12 வோல்ட் வரை ஏற்கும். அதிலுள்ள சீராக்கி அதை 5 வோல்ட்டாகக் குறைத்துவிடும். அதே 12 வோல்ட் அடாப்டரின் செருகி நானோவிலும் கச்சிதமாகப் பொருந்தும்! அங்கேதான் ஆபத்து. பலகை கருகிவிடலாம்.

ஆனைக்குட்டம் அணையில் நீர்மட்டம் உயர உயர மதகின்மீது அழுத்தம் கூடுகிறதல்லவா? வோல்ட்டும் அத்தகையதே, அது மிகக்கூடாது. அடாப்டரில் குறித்துள்ள ஆம்பியர் அதிகமாக இருந்தால் கெடுதல் இல்லை. பலகை தனக்கு வேண்டியதையே எடுக்கும். குறைவாக இருந்தால்தான் கணிப்பொறி பாதியில் நின்றுபோகும்.

ஒரு பலகை கருகினால், அதற்காகக் காத்திருக்கும் மாணவர் அனைவருக்கும் பாடம் போய்விடும். எனவே ஒவ்வொரு அடாப்டரிலும் அதற்குரிய பலகையின் பெயரை ஒட்டிவையுங்கள். சுவிட்சைப் போடுமுன் ஒருவர் வோல்ட்டைப் படிக்க, மற்றவர் சரிபார்க்கட்டும்.