இரவற் கையொப்பம்

விழா மலரில் எழுத அழைக்கப்பெறுவோர் பழைய நினைவுகளைப் பாடுதலே வழக்கம். விளையாட்டுத் திடலையும், விடுதிச் சாப்பாட்டையும், கணக்கு வாத்தியாரின் பிரம்பையும் பற்றி எழுதினால் படிப்போர் மகிழ்வர், எழுதுவோருக்கும் தொல்லையில்லை. ஆயினும் மலராசிரியர் எனக்கு ஒதுக்கியுள்ள இப்பக்கங்களை வேறொரு பொருளுக்குப் பயன்படுத்த விழைகின்றேன். நம் வீடுகளிலே மின்கம்பி பொருத்துவோர் யார்? அவ்வேலைக்குப் பொறுப்பேற்போர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடையாக ஒருவரே முன்வந்து நிற்க வேண்டும் என்பது என் துணிபு. இன்று பல இடங்களில் அவ்வாறு நிற்பதில்லை.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கண்டி நகருக்கு அணித்தே சிறிய வீடொன்று கட்டினேன். வயரிங் வேலைக்கு அந்தனைப் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வந்தார். பதினைந்தாண்டுப் பழக்கமுள்ள கை. சுவரிலே குழாய் பதித்த நேர்த்தியைப் பார்த்தவரெல்லாம் மெச்சினர். வேலை முடிந்ததும், மின்னிணைப்புப் பெறுவதற்குச் சோதனை அறிக்கையொன்று வேண்டுமென்றார்கள். அவ்விளைஞரிடம் தகைமைப் பத்திரம் எதுவுமில்லை. "ஐயா, கையொப்பம் வைக்க ஆளிருக்கிறார், அவருக்குக் கொஞ்சம் கொடுத்தாற் போதும்" என்றார். மறுநாள் மாலை படிவம் வந்து சேர்ந்தது. எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. ஆனால் கையொப்பமிட்டவர் என் வாயிற்படியை மிதித்ததில்லை. ஒரு சோதனைக் கருவியும் என் வீட்டுக்குள் வந்ததில்லை. அதையறிந்தும் நான் பேசாதிருந்தேன். வீடு குடிபுகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாண்டுகள் சென்றன. ஒரு மழைக்காலையில், எங்கள் வீட்டு வேலைக்கு உதவியாயிருந்த பெண் குளியலறையைக் கழுவும்போது நீர் சூடாக்கும் கருவியின் மேற்கூட்டைத் தொட்டார். மின்சாரம் அவரைத் தூக்கி எறிந்தது. கை முறிந்ததேயன்றி உயிர் தப்பியது. பின்னர் திறந்து பார்த்தபோது, புவிக்கம்பி பெட்டிக்குள் வந்து அங்கேயே முடிந்திருந்தது. நிலத்திற் பதித்த தண்டோடு அது தொடுக்கப்படவேயில்லை. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினோம், அது அசையவில்லை. படிவத்திலோ புவித்தொடுப்பின் தடை இவ்வளவென்று அழகான இலக்கமொன்று எழுதப்பட்டிருந்தது!

அந்த இலக்கத்தை எழுதியவர் மீது கோபங்கொள்வது எளிது. பணங்கொடுத்து அதை வாங்கிய படித்த மனிதர் யார் என்று கேட்டால், விடை சொல்லக் கூசுகின்றேன்.

ஒரு வீட்டின் மின்வேலையைச் சோதிப்பது மாயவித்தையன்று. கம்பிகள் தொடர்ச்சியாக உள்ளனவா? உயிர்க்கம்பி ஆளிக்குள்ளும் நடுநிலைக்கம்பி அதற்குரிய இடத்திலும் சென்றுள்ளனவா? 500 வோல்ற்று நேரோட்ட அழுத்தத்தில் காவலித் தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் நிற்கின்றதா? புவித்தொடுப்பு உண்மையிலே நிலத்தைச் சேர்கின்றதா? 30 மில்லியம்பியர் கசிந்தவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுகின்றதா? இவையே முதன்மையானவை. முப்பது மில்லியம்பியர் எவ்வளவு சிறிதென்பதை எண்ணிப் பாருங்கள். 60 வாற்று மின்குமிழொன்று 230 வோல்ற்றில் எரியும்போது எடுப்பதில் ஏறக்குறைய ஒன்பதிலொரு பங்கே அது. அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் சற்று நேரம் நெஞ்சினூடே சென்றால் இதயத்தின் ஒழுங்கு குலையலாம். கண்ணாற் பார்த்து அறியக்கூடியதன்று இது, அளந்தே அறியவேண்டும். அளந்தவரே கையொப்பமிட வேண்டும்.

கண்டி மக்களாகிய நமக்கு மின்சாரம் அந்நியமானதன்று. இலங்கையின் நீர்மின் வலுவுக்கு வழிகாட்டியவரான டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே மலைநாட்டு ஆறுகளின் ஆற்றலைக் கணக்கிட்டு எடுத்துரைத்தார். 1950இல் இலக்சபான எழுந்தது. 1976இல் பொல்கொல்லை அணை மகாவலியைத் திருப்பியது. 1985இல் விக்டோரியா நிறைவெய்தியது. பேராதனையிலே 1960களிலிருந்து பொறியியற் பீடம் விளங்குகின்றது. இத்தனையும் நம் மலைநாட்டிலேயே. ஆயினும் அவ்வாறுகள் ஊற்றெடுக்கும் மலைகளிலே, தேயிலைத் தொழிற்சாலைகளின் பொறிகள் சுழன்ற காலத்தும் பக்கத்து லயன்கள் பல தலைமுறைகளாக இருண்டே கிடந்தன. வெளிச்சம் பிந்தி வந்தது; வந்தபோதும் பல இடங்களில் ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு மெல்லிய கம்பியில் இழுக்கப்பட்டே வந்தது. மரக்கூரையும் ஒட்டிய சுவர்களுமுடைய லயனொன்றில் ஒரு மூலையிற் பற்றும் தீ வரிசை முழுவதையும் உண்டுவிடும். மின்கசிவால் லயன் எரிந்ததென்ற செய்தியை நாளேடுகளில் எத்தனை முறை படித்திருக்கின்றோம்!

நகரத்தின் நிலையும் பெருமைப்படத்தக்கதன்று. திருகோணமலை வீதியிலும் கட்டுக்கலையிலும் உள்ள பழைய கட்டடங்கள் சிலவற்றுள் சிவப்பும் கறுப்புமான பழங்கம்பிகளோடு மண்ணிறமும் நீலமுமான புதுக்கம்பிகள் முடிச்சிடப்பட்டிருப்பதை நானே கண்டிருக்கின்றேன். நம் கோயில்களிலே திருவிழாக் காலத்தில் ஈரமரங்களின்மேல் தொங்கும் தற்காலிக விளக்குகளைப் பொருத்தியவர் யாரென்று உபயகாரர் எவராவது கேட்பதுண்டா?

சட்டம் இல்லாமலில்லை. 1950ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்சாரச் சட்டம் நெடுங்காலம் ஆண்டது. 2009இல் 20ஆம் இலக்கச் சட்டமும், 2024இல் 36ஆம் இலக்கச் சட்டமும் பின் வந்தன. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, தேசிய தொழிற்தகைமையை அடிப்படையாகக் கொண்டு மின்னியலாளருக்கு உரிமம் வழங்கும் முயற்சியை முன்னெடுத்தது. ஒப்பந்தகாரராக விரும்புவோருக்கு, 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவும் தரப்படுத்தலும் உள்ளன. ஆகவே குறை ஏட்டிலே மட்டும் இல்லை. நம் நடத்தையிலும் உள்ளது. கையுள்ளவரிடம் பத்திரமில்லை, பத்திரமுள்ளவர் வீட்டுக்கு வருவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே இரவற் கையொப்பம் பிழைக்கின்றது.

"உரிமம் என்பது ஏழைத் தொழிலாளியின் வயிற்றிலடிக்கும் ஏற்பாடு, படிக்காதவனை வெளியேற்றிவிட்டுப் படித்தவன் கூலியை உயர்த்திக்கொள்ளும் தந்திரம்" என்று சிலர் கூறுவர். இக்கூற்றை நான் எளிதிலே தள்ளிவிடமாட்டேன். ஆங்கிலப் படிவமும், கொழும்புப் பயணமும், பல நாட் கூலியிழப்பும் சேர்ந்தால், உரிமம் வேலியாக மாறுவது திண்ணம். ஆனால் இன்றுள்ள நிலையில் அவ்வேழைத் தொழிலாளி வாழ்கின்றாரா? என் வீட்டில் உழைத்த இளைஞர் தம் கூலியில் ஒரு பகுதியை, ஒரு கம்பியையும் தொடாத ஒருவருக்குக் கொடுத்தார். வேலை நன்றாயிருந்தால் பெயர் இன்னொருவருக்கு. தீங்கு நேர்ந்தால் பழி இவருக்கு. பதினைந்தாண்டு உழைத்தும் அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. உரிமமின்மையே அவரை ஏழையாக வைத்திருக்கின்றது என்பேன்.

அயல்நாடுகளைப் பார்ப்போம். தமிழ்நாட்டிலே மின் உரிமம் வழங்கும் வாரியம் கம்பியாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் தனித்தனித் தகுதிச் சான்று வழங்குகின்றது. ஒப்பந்தகாரர் தகுதியுள்ள ஆட்களை அமர்த்தியும் சோதனைக் கருவிகளைச் சொந்தமாக வைத்தும் இருத்தல் வேண்டும். சிங்கப்பூரிலே மின்னியலாளர், தொழினுட்பவியலாளர், பொறியியலாளர் என மூன்று தரத்தில் உரிமம் உண்டு; முதற்றரத்தவர் 45 கிலோவோல்ற்று அம்பியர் வரையுள்ள வேலையை ஏற்கலாம். சிறிய வேலைக்குச் சிறிய உரிமம், பெரிய வேலைக்குப் பெரிய உரிமம் என்ற இவ்வொழுங்கே ஏழைக்கும் இடந்தருவது. வீட்டுக்கு விளக்குப் போடுபவரிடம் பொறியியற் பட்டம் கேட்பது அறிவீனம். ஒன்றுமே கேளாதிருப்பது அதனினும் பெரிய அறிவீனம்.

நம் நாட்டிலும் இத்தகைய வழியொன்று திறந்தே இருக்கின்றது. பாடசாலைச் சான்றிதழ் இல்லாதவராயினும், வேலைத்தலத்திலே கற்றதைக் காட்டித் தேசிய தொழிற்தகைமையைப் பெறலாம். முன்கற்றலை ஏற்றுக்கொள்ளுதல் என்பது அதன் பெயர். விண்ணப்பிப்பவர் தாம் செய்த வேலைகளுக்குச் சான்று காட்டுவார், மதிப்பிடுவோர் வினவுவர், செய்துகாட்டச் சொல்வர். கையிலே உள்ள அறிவைப் பத்திரத்திற்கு மாற்றும் நேரிய வழி இது. என் வீட்டுக்கு வந்த இளைஞருக்கு இதைப் பற்றி எவரும் சொன்னதில்லை. விபத்தின் பின்னரே நான் அறிந்து அவரிடம் சொன்னேன். அவர் அஞ்சியது சோதனைக்கன்று, படிவத்துக்கே. இரண்டு மாலைகள் உடனிருந்து அப்படிவத்தை நிரப்பினோம். செய்முறைச் சோதனையிலே புவித்தொடுப்பைத் தாம் இருமுறை அளந்து காட்டியதாக வந்து சொன்னார். இன்று தம் வேலைக்குத் தாமே கையொப்பமிடுகின்றார். என்னிடம் வாங்கும் கூலி உயர்ந்துள்ளது, மகிழ்வோடு கொடுக்கின்றேன்.

ஆதலின் பழைய மாணவர்களாகிய நமக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, வீடு, கடை, கோயில் எதுவாயினும், சோதனை அறிக்கையிற் கையொப்பமிடுபவர் நம் கண்முன்னே அளந்த பின்னரே இடவேண்டுமென்று உறுதி கொள்வோம். அளக்காதவருக்குப் பணங்கொடுப்பது தருமமன்று. அது தீவினைக்குத் துணைபோதல். இரண்டாவது, நம் சங்கம் காவலித் தடையையும் புவித்தடையையும் அளக்கும் கருவிகளை வாங்கிச் சிறுதொழிலாளருக்கு இரவல் கொடுக்கட்டும். இரவல் கொடுக்கத் தக்கது கருவியேயன்றிக் கையொப்பமன்று. மூன்றாவது, பொறியியலாளராயும் தொழினுட்ப ஆசிரியராயும் இருக்கும் நம்மவர், கண்டியிலும் கம்பளையிலும் கலகாவிலும் விடுமுறை நாட்களிற் கூடி, தோட்டத்து இளைஞர்களுக்குத் தமிழிலே அத்தகைமைக்கு வழிகாட்டட்டும். மதிப்பீடும் தமிழிலே தடையின்றிக் கிடைக்க வேண்டுமென்று அதிகாரிகளிடம் கேட்கட்டும்.

சரசுவதி பூசையன்று புத்தகத்தோடு கருவியையும் வைத்து வணங்கும் மரபு நம்முடையது. குறட்டையும் திருப்புளியையும் கலைமகளின் திருமுன் வைத்தோர் நம் முன்னோர். ஆனால் பூசை முடிந்த மறுநாளே புத்தகத்துக்கு நாற்காலியும் கருவிக்குத் திண்ணையும் கொடுக்கின்றோம். அக்கருவியைப் பிடித்த கைக்கு ஒரு பெயரும், அப்பெயருக்கு ஓர் உரிமமும் கிடைக்கும்போதுதான் அப்பூசை நிறைவெய்தும்.

கல்லூரியிலே நம் விடைத்தாளில் நம் பெயரையே எழுதக் கற்றோம். பிறர் விடையிலே பெயரெழுதினால் அதற்கென்ன தண்டனை என்பதையும் கற்றோம். அந்தச் சிறிய பாடத்தை நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பிவரையிற் கொண்டு செல்வோமாயின், நமக்கு எழுத்தறிவித்த கல்லூரி அன்னைக்கு இவ்விழா ஆண்டிலே நாம் செலுத்தும் காணிக்கை அதுவேயாகும்.