வயலிலே ஆளில்லை! வேலையிலே பாதுகாப்பில்லை!



"நடவுக்கு ஆள் கிடைக்கலியே" என்று புலம்பாத விவசாயி உண்டா? அந்த ஆளுங்க எங்கே போனாங்க? காலையில சாரம் ரோட்டோரம் நின்னு பாருங்க. தூக்குவாளியோடு போகிற கொத்தனாரும் சித்தாளும் யார்? பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் பக்கத்து சிறு விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் அதிலே உண்டு. நெல் விலை சாகுபடிச் செலவுக்கே பத்தாதபோது வேறென்ன செய்வாங்க?

அன்று கிராமத்துப் பிள்ளைக்கு மில் வேலை இருந்தது. 1936 ஜூலை 30-ல் சவானா மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். 1937-ல் 8 மணி நேர வேலை சட்டமானது. ஆயிரக்கணக்கானோர் உழைத்த ஏ.எப்.டி. மில் 2011 தானே புயலில் அடிபட்டு, 2020-ல் மூடப்பட்டது. தொழிற்பேட்டைக்காக சேதராப்பட்டு, கரசூரில் எடுத்த விளைநிலம் நூற்றுக்கணக்கான ஏக்கர், ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்தது. நிலமும் போச்சு, வேலையும் வரல!

மிஞ்சினது மேஸ்திரி கூலி, கான்டிராக்ட் வேலை. சீட்டு இல்லை, பி.எப். இல்லை, சாரத்திலிருந்து விழுந்தால் கேட்க நாதியில்லை. 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 ஆள் வைத்த கான்டிராக்டரையே கட்டுப்படுத்தியது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அதை 50 ஆள் என்று உயர்த்திவிட்டது. 30 பேரை வைத்து வேலை வாங்குகிற கான்டிராக்டரை இனி யார் கேட்பது?

ஆகவே, கூலிக்காரன் மேல கோபப்பட்டுப் பயனில்லை. நெல்லுக்குக் கட்டுப்படியான விலை வந்தால்தான் நாமும் நியாயமான கூலி கொடுக்க முடியும். செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து விலை கொடு என்று சுவாமிநாதன் கமிஷன் 2006-லேயே சொன்னது. விலைக்கான போராட்டமும் கூலிக்கான போராட்டமும் ஒன்றுதான்!

உங்க வீட்டில் கட்டட வேலைக்குப் போகிறவங்க வருஷத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால், 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால், கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் உடனே பதியச் சொல்லுங்க.

நமது கோரிக்கைகள்:

1. நெல்லுக்குச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை!
2. 20 ஆள் வைத்தாலே கான்டிராக்டருக்கு லைசென்ஸ்!
3. தரிசாகப் போட்ட நிலத்தில் உள்ளூர் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை!

விவசாயியும் கூலிக்காரரும் ஒன்று சேர்வோம்! உரிமையை வென்றெடுப்போம்!