மார்ச்சில் டிரெக்கிங் கிடையாதா? வனத்துறை மீது கோபப்படும் முன்...

பிப்ரவரி பாதி தாண்டினாலே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்களில் இந்தப் புலம்பல் ஆரம்பித்துவிடும். "லாங் வீக்கெண்ட் வருது, டிரெக்கிங் புக் பண்ணலாம்னு பார்த்தா எல்லா ரூட்டும் க்ளோஸ்!" 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய வனத்துறையின் 'டிரெக் தமிழ்நாடு' திட்டமும், அடுத்த ஆண்டு பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை நிறுத்தப்பட்டது. காரணம், காட்டுத்தீ சீசன்.

வசந்த காலத்துல போகாம மலைக்கு வேற எப்போ போறது? நியாயமான கேள்விதான். ஆனால், ரீல்ஸில் நாம் பார்க்கும் வசந்தம் பெரும்பாலும் இமயமலைப் பக்கத்து வசந்தம். அங்கே பனி உருகி, புல் துளிர்க்கும் நேரம் அது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணக்கே வேறு. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவமழைக்கு ஜூன் வர வேண்டும். இடையில் கோடை மழை கைகொடுத்தால் உண்டு. மார்ச் மாதம் புல் எல்லாம் காய்ந்து, இலையுதிர் காடுகளில் சருகு குவிந்து கிடக்கும். அணைக்காமல் வீசிய ஒரு பீடித் துண்டு போதும்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், சரிவில் தீ எப்படி நகரும் என்பது. சமவெளியைவிட மேட்டை நோக்கி அது வேகமாக ஏறும். கீழே எரியும்போதே அந்த வெப்பம் மேலே இருக்கும் புல்லை இன்னும் உலர்த்தி, பற்றத் தயாராக வைத்துவிடுகிறது. மூச்சு வாங்க ஏறும் மனிதர்களால் அதை முந்த முடியாது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். சென்னை, ஈரோடு பக்கம் இருந்து வார இறுதிக்காகப் போனவர்கள், நம்மை மாதிரியே.

அதனால் தடை சரி என்பதே என் கட்சி. சொல்லும் விதம்தான் சரியில்லை. 'தற்காலிகமாக நிறுத்தம்' என்று ஒற்றை வரியில் முடித்தால் யாருக்குப் புரியும்? இதே வறண்ட மாதங்களில் வெள்ளியங்கிரி மலைக்கு மட்டும் பக்தர்களை அனுமதிக்கிறார்களே, அது எப்படி என்று கேட்பவர்களுக்கும் வனத்துறை விளக்கமாகப் பதில் சொல்லணும். சொல்லாத இடத்தில்தான், 'பெர்மிஷன் எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் ப்ரோ' என்று இன்ஸ்டாவில் ஆள் பிடிப்பவர்கள் நுழைகிறார்கள். அந்த மெசேஜுக்கு மட்டும் பணம் அனுப்பிடாதீங்க.

பூ பார்க்கணும், அவ்வளவுதானே? அதற்குக் காட்டுக்குள் போகவே வேண்டாம். மார்ச், ஏப்ரலில் நீலகிரிச் சாலையோரங்களில் ஜகரண்டா ஊதா நிறத்தில் பூத்திருக்கும். இ-பாஸ் மறக்காதீங்க. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வெளி வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. என்னைக் கேட்டால், செவ்வாய்க்கிழமைக்கு லீவு சொல்லிட்டுக் கிளம்புங்க.