சுத்திச் சுத்தி வர்றதுல என்ன இருக்கு?

கோடையில் குடவாசல் பக்கத்து வயல்கள் காய்ந்து கிடக்கும். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்குமா என்ற பேச்சு சூடுபிடிப்பதற்குள், அமெரிக்காவில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்கு ஒரு நடை போய்வந்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அதே மே மாதக் கடைசியில்தான், அந்நாட்டின் நினைவு நாள் விடுமுறைக்கு முந்தைய ஞாயிறன்று, இண்டியானாபோலிஸ் நகரில் 'இண்டி 500' கார் பந்தயம் நடக்கிறது. 'ஓவல்' எனப்படும் நீள்வட்டக் களத்தில் ஓடும் பந்தயங்களில் உலகிலேயே பேர்போனது. நிரந்தர இருக்கைகள் மட்டுமே இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

பிள்ளை ஆசையாக, "ரேஸுக்குப் போலாமாப்பா?" என்று கேட்பான். வருகிற பதில் தெரிந்ததுதான்: "சுத்திச் சுத்தி ஒரே இடத்துல வர்றதுல என்னடா இருக்கு? வீட்ல டிவியில பாத்துக்கலாம்."

பெரியவர்கள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. பார்முலா ஒன் பார்த்துப் பழகிய சென்னை இளைஞர்களும் ஓவல் பந்தயம் என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். "இடப்பக்கம் திரும்பத் தெரிந்தால் போதும், அதில் வித்தை எங்கே இருக்கிறது" என்பது அவர்கள் கட்சி. இந்தப் பேச்சை ஐந்தாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: "வெறும் வட்டம்தானே?"

முதலில், அது வட்டமே இல்லை. இண்டியானாபோலிஸ் களம் நான்கு மூலையும் மழுங்கிய செவ்வகம். ஒரு சுற்று இரண்டரை மைல், அதாவது ஏறத்தாழ 4 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு நேர்ப்பாதைகள், 200 மீட்டரில் இரண்டு குட்டைப் பாதைகள், 400 மீட்டரில் நான்கு வளைவுகள். வளைவுகளின் சாய்வு 9 பாகை 12 கலை. இந்தச் சாய்வுதான் விஷயமே. இன்னும் செங்குத்தாக இருந்தால் யார் வேண்டுமானாலும் ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுக்காமல் திரும்பிவிடலாம். தட்டையாக இருந்தால் எல்லோரும் பிரேக் போட்டாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், காலை எடுப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. காகிதத்தில் நான்கு வளைவும் ஒன்றுபோல இருக்கும். காற்று திசை மாறினால் ஒரு வளைவில் கார் ஒட்டிக்கொண்டு போகும், அடுத்ததில் நழுவும்.

அந்தச் சாய்வு லேசுப்பட்டது இல்லை என்பதற்கு, பார்முலா ஒன் ரசிகர்களே மறுக்க முடியாத சாட்சி ஒன்று இருக்கிறது. 2005 ஜூன் 19 அன்று இதே இடத்தில் அமெரிக்க கிராண்ட் பிரீ நடந்தது. களத்துக்குள் அமைத்த வளைந்த பாதையோடு ஓவலின் ஒரு பகுதியையும் சேர்த்து, எதிர்த்திசையில் ஓட்டினார்கள். சேர்த்துக்கொண்ட அந்த ஒரே சாய்வு வளைவில் மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. அந்த டயர் போட்டிருந்த 14 கார்களும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் நுழைந்து ஒதுங்கிக்கொண்டன. மிச்சம் ஓடியவை ஆறே கார்கள். "வெறும் வட்டம்" என்று சொல்லப்படுவதன் ஒரு மூலைக்கு முன்னால் பார்முலா ஒன் கார்களில் முக்கால்வாசி நின்றுபோன நாள் அது.

இரண்டு: "ஆக்சிலேட்டரை மிதிச்சா போதும், திறமை எதுக்கு?"

இந்தக் கார்களைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. வலப்பக்க டயரின் சுற்றளவு இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். நேராக ஓட்டினாலும் கார் தானாக இடப்பக்கம் இழுக்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். எரிபொருள் குறையக் குறைய எடை மாறும், டயர் தேயத் தேயப் பிடிப்பு மாறும். அதற்கேற்ப ஓட்டுநர் உள்ளே இருந்தபடியே காரின் எடைப் பங்கீட்டைத் திருத்திக்கொண்டே வர வேண்டும். 200 சுற்று, 800 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு இதுதான் வேலை.

இதோடு காற்றும் விளையாடும். முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் ஒட்டி வருகிறவருக்கு நேர்ப்பாதையில் வேகம் கூடும். அதே காரை வளைவுக்குள் ஒட்டிப் போனால், முன்சக்கரங்களை அழுத்திப் பிடிக்கப் போதுமான காற்று கிடைக்காமல் கார் சுவரை நோக்கி விலகும். ஆகவே நெருங்கவும் வேண்டும், நெருங்காமல் இருக்கவும் வேண்டும். முந்துவதற்கான நேரத்தை இரண்டு மூன்று சுற்றுக்கு முன்பே திட்டமிட வேண்டும். 2023இல் ஜோசப் நியூகார்டன் கடைசிச் சுற்றில்தான் மார்கஸ் எரிக்சனைத் தாண்டி வென்றார். 1992இல் முதல் இரண்டு கார்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 0.043 விநாடி. 2011இல் முதன்முறையாக ஓட வந்த ஜே.ஆர். ஹில்டிபிராண்ட் எல்லோருக்கும் முன்னால் வந்து, கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் சுவரில் மோதி வெற்றியைப் பறிகொடுத்தார். மிதித்தால் போதும் என்றால், கடைசி வளைவு வரை முன்னால் வந்தவருக்கு மிச்சம் இருந்ததை மிதிக்கத் தெரியாமலா போனது?

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் திருவாரூர் போதும். 96 அடி ஆழித்தேர் நேர் வீதியில் வருவது அழகுதான். ஆனால் விவரம் தெரிந்தவர் இடம் பிடிப்பது தேர் திரும்பும் முனையில். ஏறக்குறைய 300 டன் எடையை முட்டுக்கட்டை போடுகிறவர் எப்படித் திருப்புகிறார், வடம் பிடிப்பவர்கள் எந்த நொடியில் நிறுத்துகிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் அந்தக் கூட்டம். நான்கு வீதியைச் சுற்றி நிலைக்கே திரும்பி வருகிற தேரைப் பார்த்து, "சுத்தி வந்து அதே இடத்துல நிக்கறதுல என்ன இருக்கு" என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. ஓவலிலும் பார்க்க வேண்டிய இடம் முனைதான்.

மூன்று: "டிவியில இதைவிட நல்லாத் தெரியும்"

இதில் பாதி உண்மை. நான்கு கிலோமீட்டர் களத்தை ஒரே இருக்கையிலிருந்து முழுதாகப் பார்க்க முடியாது. ஒன்றிரண்டு வளைவுகள்தான் தெரியும், மற்றதைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். யார் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள மட்டும் போகிறீர்கள் என்றால் போகவே வேண்டாம்.

ஆனால் டிவி ஒன்றைத் தின்றுவிடுகிறது, வேகத்தை. காரோடு சேர்ந்து கேமராவும் திரும்புவதால் கார் மிதப்பதுபோலத் தெரியும். 2024 தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த ஸ்காட் மெக்லாக்லினின் சராசரி வேகம் மணிக்கு 377 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வருகிற கார் உங்கள் முன்னால் இருக்கும் வளைவில் நுழைந்து வெளியேற எடுத்துக்கொள்வது நான்கு விநாடிதான். நேரில் பார்த்தால் அந்த நான்கு விநாடிக்குள் காரின் மூக்கு உள்பக்கக் கோட்டை நோக்கி இறங்குவதும், வெளியேறும்போது சுவருக்குச் சாண் இடைவெளியில் ஒட்டிப் போவதும், பின்னால் வருகிறவர் அரை காரளவு மேலே விலகிக் காற்றைத் தேடுவதும் தெரியும். வளைந்த சர்க்யூட்டில் ஒரு கார் உங்களைக் கடந்தால் மறுபடி வர ஒன்றரை நிமிடம் ஆகலாம். இங்கே 40 விநாடியில் வந்துவிடும். 33 கார்கள் என்பதால் கண்ணுக்கு ஓய்வே கிடையாது. மார்ட்டின்ஸ்வில் மாதிரியான அரை மைல் ஓவல்களில் முழுக் களமும் ஒரே பார்வையில் அடங்கும்.

இன்னொன்று: பிள்ளை இருப்பது இண்டியானாபோலிஸ் நகரம் என்றால் டிவி பேச்சே எடுபடாமல் போகலாம். டிக்கெட் முழுதும் விற்றால் ஒழிய உள்ளூரில் நேரலை காட்டுவதில்லை என்பது அங்கே பல பத்தாண்டு வழக்கம். 2016இல் நூறாவது பந்தயத்துக்கு டிக்கெட் தீர்ந்தபோது அதைத் தளர்த்தியதே பெரிய செய்தியானது.

நான்கு: "ஆக்சிடெண்ட் பார்க்கத்தான் கூட்டம் போவுது"

ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். 1909இல் களம் திறந்த முதல் பந்தயங்களிலேயே உயிர்கள் போயின. சல்லிப் பாதையைப் பெயர்த்துவிட்டு 32 லட்சம் செங்கல் பரப்பியது அதனால்தான். அதில் ஒரு கெஜ அகலச் செங்கல் வரிசை இன்றும் முடிவுக் கோடாக இருக்கிறது. 2011இல் இண்டி 500 வென்ற டான் வெல்டன் அதே ஆண்டு அக்டோபரில் லாஸ் வேகாஸ் ஓவலில் நடந்த விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு வந்த புதிய காருக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளையே வைத்தார்கள்.

ஆனால் கூட்டம் அதற்காகத்தான் வருகிறது என்றால், விபத்துகள் குறையக் குறையக் கூட்டமும் குறைந்திருக்க வேண்டும். கான்கிரீட் சுவருக்கு முன்னால் மோதலை வாங்கிக்கொள்ளும் எஃகுத் தடுப்பை 2002இல் இங்கேதான் முதலில் பொருத்தினார்கள். 2020இல் ஓட்டுநர் முகத்துக்கு முன்னால் ஒளி ஊடுருவும் கவசம் வந்தது. இருக்கைகள் இன்றும் நிறைகின்றன. விபத்து நடந்தால் மஞ்சள் கொடி ஆடும். எல்லாக் கார்களும் வேகம் குறைத்து வரிசையாகப் போகும், முந்த அனுமதி இல்லை. ரசிகனைப் பொறுத்தவரை பந்தயம் நின்றுபோகிற நேரம் அது. பழகியவர்கள் அப்போது பிட் பக்கம் திரும்பிவிடுவார்கள். நான்கு டயரையும் மாற்றி எரிபொருளும் நிரப்பி, பத்து விநாடிக்குள் காரை அனுப்புகிறவர்களின் கைவேலை அங்கே தனிப் பந்தயமாக நடக்கும்.

ஐந்து: "நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? வயசான காலத்துல வெயில்ல உக்காரவா?"

சம்பந்தம் உண்டு. மேலே சொன்ன 2005 பந்தயத்தில் கடைசிவரை ஓடிய ஆறு பேரில் ஒருவர் கோவையின் நாராயண் கார்த்திகேயன். ஜோர்டான் அணிக்காக ஓட்டி நான்காவதாக வந்து, பார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியரானார். 2010இல் அவரே மார்ட்டின்ஸ்வில் ஓவலில் நாஸ்கார் டிரக் பந்தயம் ஓட்டினார். 2017இல் ஜப்பானின் டகுமா சாட்டோ இண்டி 500 வென்ற முதல் ஆசியரானார், 2020இல் மறுபடியும் வென்றார். தமிழ்நாட்டிலும் இது நேற்று வந்த மோகம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்த சோழவரம் ரேஸுக்குத் திரண்ட கூட்டத்தைச் சென்னையின் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டைக் களம் வந்தது, பின்னர் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. வென்றவர் பால் குடிக்கும் இண்டி வழக்கமும் 1936இல் லூயிஸ் மேயர் குடித்த மோரிலிருந்து வந்ததுதான். மோர் குடித்து ஜெயித்தவனை நமக்கு அந்நியன் என்று எப்படிச் சொல்வது?

வெயிலும் சத்தமும் நியாயமான கவலை. அதற்கு வழி இருக்கிறது. மேல்தளத்துக்குக் கீழே, கூரை நிழல் விழும் வரிசையாகப் பார்த்து டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். கீழ் வரிசைகள் வேண்டாம், அங்கே கம்பி வேலியும் மின்னலாகப் போகும் நிறமும்தான் தெரியும். வளைவைப் பார்த்த உயரமான இருக்கையே இருக்கை. காதுக்கு அடைப்பான் கட்டாயம். குழுவினர் ஓட்டுநரோடு பேசுவதைக் கேட்க உதவும் ஹெட்போன் கருவி கிடைத்தால் காதுக்குக் காப்பும் ஆச்சு, கதையும் புரியும். பந்தயம் பகல் 12.45 வாக்கில் தொடங்கும். காலையிலேயே உள்ளே போய்விட வேண்டும், நடை அதிகம். வெளிச்சாப்பாடு கொண்டுபோக அங்கே அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. புளியோதரையும் தயிர் சாதமும் டப்பாவில் கட்டிக்கொண்டு போகலாம்.

பார்க்கத் தெரிந்தால்

ஐந்து பேச்சுக்கும் அடியில் இருக்கிற தவறு ஒன்றே. கார் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்கிறவருக்கு ஓவலில் ஒன்றும் இல்லை. அது எங்கேயும் போவதில்லை. ஒரே வளைவை இருநூறு முறை எப்படிக் கடக்கிறது, இருநூறில் எந்த முறை மாற்றிக் கடக்கிறது என்று பார்க்கிறவருக்குத்தான் பந்தயம்.

ஆகவே அடுத்த மே மாதம் அங்கே இருந்தால், பிள்ளை கூப்பிடும்போது மறுக்காதீர்கள். முன்னணிக் காரை விட்டுவிட்டு, நடுவில் ஓடுகிற ஒரே ஒரு காரைத் தேர்ந்தெடுத்து முதல் முப்பது சுற்று அதையே பாருங்கள். அமெரிக்கா போக வாய்ப்பில்லாதவர்கள் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கும் ஒரு ஞாயிறு போய்வரலாம். அங்கேயும் நேர்ப்பாதையில் நிற்காமல் வளைவில் நில்லுங்கள். பார்த்த பிறகும் இதில் ஒன்றுமில்லை என்று தோன்றினால், அப்போது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.