ஆய்வு நாளில் மட்டும் வெளியே வரும் அட்டைகள்

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்துவிட்டால் பல தொடக்கப் பள்ளிகளில் முதலில் திறக்கப்படுவது பீரோ. தெர்மகோலில் செய்த சூரியக் குடும்பம், ஜிகினாத் தாள் ஒட்டிய உயிரெழுத்து மரம், சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய வாய்ப்பாடு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். சுவரில் ஏறும், பாராட்டு வாங்கும், சாயங்காலம் மறுபடி பீரோவுக்குள் போகும். செய்தவர் ஆசிரியர். செலவும் பெரும்பாலும் அவர் கையிலிருந்துதான், போன ஞாயிற்றுக்கிழமையும் அவருடையதுதான். எல்லாம் இருந்தும் ஒரு குழந்தையின் விரல்கூட அதில் பட்டிருக்காது.

இதற்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கு வரும் எந்தப் பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. ஏறிய பொருள் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டி, கணிதப் பெட்டி, பூகோள உருண்டை என்று அனுப்பிவைத்தது. அவற்றில் எத்தனையோ பெட்டிகள் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் திறக்கப்படாமலே பழசாகின. பொருள் பத்திரமாக இருந்தது, பாடம்தான் நடக்கவில்லை. அதன் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. கற்பித்தல் துணைக்கருவி செய்ய ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் என்று கொடுத்தது. அந்தப் பணமும் பெரும்பாலும் சார்ட்டாகவும் தெர்மகோலாகவும் மாறியதற்குக் காரணம் எளிமையானது. பில் கொடுக்கக் கூடிய கடையில் கிடைப்பவை அவைதான். புளியங்கொட்டைக்கு யார் பில் கொடுப்பார்கள்?

கையால் செய்த கற்றல் பொருள் நீடித்து உழைக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. எது உழைப்பு என்பதில்தான் சிக்கல். ஐந்து வருடம் கசங்காமல் இருக்கும் சார்ட்டைவிட, முப்பது குழந்தைகள் ஒரு வருடம் புரட்டியதில் மூலை மழுங்கிப்போன அட்டைதான் அதிகம் உழைத்தது. அந்த அட்டைக் கட்டில் ஒன்று தொலைந்தால் மறுநாள் காலையிலேயே இன்னொன்று எழுதிச் சேர்த்துவிட முடிய வேண்டும். அப்படி முடியும் பொருளே வகுப்பறையில் நிலைக்கிறது. முடியாத பொருள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் பீரோவுக்குத்தான் போகும்.

இந்த அளவுகோலில் முதலிடம் மணலுக்கு. அதன் புகழைச் சீமைவரை கொண்டுபோனது சென்னைதான் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 1787-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளிக்கு 1789 முதல் பொறுப்பாளராக இருந்தார். உள்ளூர்த் திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தார். அதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். பெல் சளைக்கவில்லை, எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்த வேலையைக் கொடுத்தார். அவன் சின்னவர்களுக்கு மணலில் எழுத்துக் கற்றுக்கொடுத்துவிட்டான். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த முறையைப் பற்றி பெல் 1797-இல் லண்டனில் நூல் வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது, மணல் தட்டும் கூடவே போனது.

மணல் தீராது, கிழியாது, தப்பாக எழுதினால் ஒரு தடவலில் அழிந்துவிடும். சிவப்பு மையின் சுழி அதில் விழாது. விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசி பரப்பிக் குழந்தையின் விரல் பிடித்து அகரம் எழுதவைக்கிறோம். மறுநாளே நாலு கோடு நோட்டையும் பென்சிலையும் திணிக்கிறோம். பென்சில் பிடிக்கப் பழகாத நான்கு வயது விரலுக்கு அந்தத் தாம்பாளம் இன்னும் ஆறு மாதம் தேவை. இனிப்புக் கடை அட்டைப்பெட்டியின் மூடி போதும். உள்ளே அடிப்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டிச் சலித்த மணலை அரை விரற்கடை உயரத்துக்குப் போட்டால், எழுதும் இடத்தில் எழுத்து கறுப்பாகத் தெரியும். அதற்கு மேல் மணல் போட்டால் கோடு மூடிக்கொள்ளும்.

அடுத்தது புளியங்கொட்டை. பத்துக் கொட்டைகளை எடுத்து ஒருபக்கத்தைச் சிமென்ட் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். தாயம் ஆடும் வீடுகளில் பாட்டிமார் செய்ததுதான். அந்தப் பத்தையும் கையில் குலுக்கிப் போட்டால் ஆறு வெள்ளை, நாலு கறுப்பு. மறுபடி போட்டால் மூன்றும் ஏழும். பத்து என்ற எண் எத்தனை விதமாகப் பிரியும் என்பதைக் குழந்தை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்யாமல் கண்ணால் பார்க்கிறது. பத்து தடவை போட்டுப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னால் கூட்டலும் கழித்தலும் ஒரே விளையாட்டில் வந்துவிடுகின்றன. வெள்ளையே விழாவிட்டால் என்ன எழுதுவது என்று ஒரு குழந்தை கட்டாயம் கேட்கும். பூஜ்ஜியத்துக்கு அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. கொட்டை தொலைந்தால் மதிய உணவுச் சாம்பாருக்குப் புளி கரைக்கும் இடத்திலேயே மாற்று கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை எண்ணக் கொடுக்கக் கூடாது, அந்த விதை நஞ்சு. அங்கன்வாடி வயதுப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையும் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். மைதாப் பசையைப் பூச்சி அரிக்காமலிருக்கச் சுவரொட்டிக்காரர்கள் மயில்துத்தம் கலப்பார்கள். குழந்தைகள் தொடும் அட்டைக்கு அது ஆகாது.

பத்துப் பத்தாகக் கட்டுவதற்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி நல்லது. கட்டும் ரப்பர் பேண்டுதான் கோடையில் இளகி ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். பஞ்சர் கடையில் தூக்கிப் போடும் பழைய சைக்கிள் டியூபைக் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாக வரும், வருடக்கணக்கில் அறாது. எழுத்தட்டைக்குச் சார்ட்டைவிடக் கல்யாணப் பத்திரிகை மேல். அதன் தடிமன் எந்தக் கடையிலும் அந்த விலைக்குக் கிடைக்காது, ஏனென்றால் விலையே இல்லை. லேமினேஷன் செய்வதானால் அட்டையை முதலில் வெட்டி, நான்கு மூலைகளையும் வளைத்துவிட்டு, பிறகு உறைக்குள் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மேலும் கீழும் உள்ள உறை ஒட்டிக்கொள்ள ஓரத்தில் கொஞ்சம் விளிம்பு தேவை. பெரிய தாளை லேமினேட் செய்துவிட்டு அட்டை அட்டையாக வெட்டினால் வெட்டிய இடமெல்லாம் வாய் திறந்து, ஒரே மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிடும். செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். ஃப்ளெக்ஸ் பேனருக்கு ஊரில் பஞ்சமே இல்லை. அதன் பின்பக்கம் ஒன்றிலிருந்து நூறுவரை கட்டம் போட்டுத் தரையில் விரித்தால் குழந்தைகள் ஏறி நின்று ஆடும் எண் கம்பளம் தயார். தலைவர்களின் முகம் தரையைப் பார்த்துப் படுத்திருக்கும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் பெரிய அனுபவமே உண்டு. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான அட்டை முறையைப் பார்த்துவந்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஏணிப்படி போல வரிசையாக அட்டைகள், ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னம். குழந்தை தன் படியைத் தானே பார்த்து அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார வேண்டும். கரும்பலகை சுவரின் அடிப்பகுதிக்கு இறங்கிவந்து குழந்தையின் கைக்கு எட்டியது. வகுப்பறையின் உயரமே மாறிய காலம் அது.

அந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருந்தது. அட்டை அச்சகத்திலிருந்து வந்தது. ஏணியின் நடுவில் ஓர் அட்டை கிழிந்தோ காணாமலோ போனால் அந்தப் படியில் குழந்தை நின்றுவிடும், புதிய அட்டைக்கு அடுத்த விநியோகம்வரை காத்திருக்க வேண்டும். ஆசிரியர் கையால் எழுதியதை அச்சடித்ததற்கு நிகராக மதிக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் இல்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆசிரியர்கள் கைவேலைப் பொருட்களைச் செய்து குவிப்பதற்கு அது நல்ல ஊக்கம் தந்திருக்கிறது. செய்ததைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கமும் கூடவே வளர்ந்திருக்கிறது. படத்தில் நன்றாக வரும் பொருளும் குழந்தை கையில் தாங்கும் பொருளும் பெரும்பாலும் வேறு வேறு.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் வேறு வழியில் போனது. கிராமத்தில் கிடைப்பதைக் கொண்டே சோதனை செய்வது என்பது அதன் அடிப்படை. ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அர்விந்த் குப்தா, 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனார். சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணம், சதுரம், கனசதுரம் என்று கட்டிக் காட்டினார். சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் அசையவில்லை. மின்கோபுரத்தில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்று அதன் பிறகு பாடம் நடத்த வேண்டியதில்லை. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஹோஷங்காபாத் திட்டத்தையோ 2002-இல் அரசே நிறுத்திவிட்டது.

கற்றல் பொருளோடு சேர்ந்தே வகுப்பறைக்குள் வருவது குழந்தைக்குக் கொடுக்கும் பரிசு. அந்த விஷயம் இன்னும் சிக்கலானது. சென்னையில் பெல் செய்ததைப் போலவே லண்டனில் மாணவரைக்கொண்டு மாணவருக்குப் பாடம் நடத்திய ஜோசப் லங்காஸ்டர் பரிசுப் பிரியர். சீட்டு, பதக்கம், பட்டம், பந்து, படம் என்று பிள்ளைகளுக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்தார், பொம்மைகளை வகுப்பில் தலைக்கு மேலே தொங்கவிட்டார். தவறு செய்த பிள்ளைகளை அவமானப்படுத்தும் தண்டனைகளும் அதே பள்ளியில்தான் நடந்தன. இரண்டும் சேர்ந்தே வருவது தற்செயல் அல்ல. நட்சத்திரம் ஒட்டிய பத்துப் பெயர் சுவரில் இருந்தால், ஒட்டாத இருபது பெயரும் அதே சுவரில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் நடத்திய சோதனையை 1973-இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப்போலப் பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களின் ஆசை குறையவில்லை.

இதைப் படித்துவிட்டுப் பரிசே கூடாது என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். படிப்பில் துளியும் நாட்டமில்லாத குழந்தையை முதல் முறை உட்காரவைக்க ஒரு கடலை மிட்டாய் உதவும் என்றால் கொடுத்துவிட்டுப் போகலாம். அதை வழக்கமாக்கும்போதுதான் பிரச்சினை. ஜூனில் ஒரு நட்சத்திரத்துக்குப் பூரித்த பிள்ளை, தீபாவளிக்குள் மூன்று நட்சத்திரம் கேட்கும்.

கையால் செய்த பொருள் இருக்கும் வகுப்பில் வேறொரு பரிசு தானாகவே கிடைக்கிறது. ஒரு குழந்தை எழுதிய அட்டை நன்றாக இருந்தால் அதை வகுப்பின் கட்டில் சேர்த்து, பின்பக்கம் அந்தக் குழந்தையின் பெயரையும் வருடத்தையும் எழுதிவிட வேண்டும். அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்புக்கு வரும் தம்பியோ தங்கையோ அக்கா எழுதிய அட்டையில் படிக்கும். வாரம் ஒரு பிள்ளை அட்டைப்பெட்டிக்குப் பொறுப்பு. எண்ணி வாங்கி, எண்ணி வைத்து, கிழிந்ததை ஒட்ட வேண்டும். முறை வைத்து எல்லாருக்கும் வரும் வேலை என்பதால் இதில் தோற்றவர் யாருமில்லை. சட்டையில் குத்திக்கொள்ளத் தையற்கடை வெட்டுத் துணியில் ஒரு வில்லை தைத்துவிட்டால் போதும். அது வாரம் ஒரு சட்டைக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

இத்தனையும் ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமையில் நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஓராசிரியரோ ஈராசிரியரோ ஐந்து வகுப்பைக் கட்டிக்கொண்டு, கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரமும் ஏற்றிக்கொண்டு இருக்கும் பள்ளியில் புளியங்கொட்டை தேய்க்கச் சொன்னால் கோபம்தான் வரும். தேய்க்கும் வேலையைக் குழந்தைகளே செய்யலாம், செய்ய வேண்டும். அது நேர விரயம் ஆகாது, பத்து கொட்டையை எண்ணித் தேய்ப்பதே கணக்குப் பாடம்தான். பயிற்சி வகுப்புகளில் செலவாகும் மணி நேரங்களில் ஒன்றையாவது அட்டை வெட்ட ஒதுக்கலாம்.

அலுவலகம் செய்ய வேண்டியது சிறியது. கையால் செய்த பொருட்களை இருப்புப் பதிவேட்டிலிருந்து விலக்கிவிடலாம். அது முடியாதென்றால் "பயன்படுத்தித் தேய்ந்தது" என்று ஒரு பத்தி சேர்த்து, அதில் குறிக்கத் தலைமையாசிரியரின் கையெழுத்தே போதும் என்று சொல்லிவிடலாம். மானியத்தில் ஒரு பகுதியைப் பில் இல்லாமல் செலவழிக்க அனுமதிக்கலாம். ஆய்வுக்கு வரும் அதிகாரி சுவரைப் பார்த்துக் குறிப்பெழுதுவதற்கு முன், ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, கட்டிலிருந்து அதற்குப் பிடித்த அட்டையை எடுத்துவரச் சொல்லட்டும். எந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்று அந்தக் குழந்தை ஆசிரியரின் முகத்தைப் பார்க்காமல் போய் எடுத்துவருகிறதா என்பதையும், அட்டையின் ஓரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அறிக்கையில் எழுதட்டும்.