லேபிள் மாறவில்லை என்றால்

செயலி எழுதக் கற்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கொண்டுவரும் புகார் இதுதான்: "சார், வேல்யூ மாறுது, லேபிள் மாறமாட்டேங்குது." கூடவே, ரெஃப்ரெஷ் பண்ண ஏதாவது கமாண்ட் இருக்கிறதா என்ற கேள்வியும் வரும். அதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. வலுக்கட்டாயமாக மறுபடி வரையச் சொன்னால் நோய் மறையுமே தவிரத் தீராது. மதிப்பு உண்மையிலேயே மாறியதா என்று முதலில் பார்க்க வேண்டும். லேபிளில் எழுதும் வரிக்கு முன்னால் அதை லாகில் அச்சிட்டுப் பாருங்கள். பல சமயம் அந்த வரி ஓடியே இருக்காது, அல்லது பழைய மதிப்போடு ஓடியிருக்கும்.

லாகில் எண் சரியாக இருந்தும் திரை அசையாவிட்டால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒரு கோப்பு இறங்குகிறது. லூப் சுற்றச் சுற்ற, சதவீதத்தை லேபிளில் எழுதுகிறோம். பயனர் காண்பதோ 0, பிறகு நெடுநேரம் உறைந்த திரை, பிறகு சட்டென்று 100. ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ, லேபிளைப் பார்த்துக்கொள்வது மெயின் த்ரெட் ஒன்றுதான். எழுத்தை மாற்றும் கட்டளை உடனே வரைவதில்லை, 'வரைய வேண்டியது' என்று குறித்துவைக்கிறது. நம் ஃபங்ஷன் முடிந்து மெயின் த்ரெட்டின் கை ஓய்ந்த பிறகே வரைதல் நடக்கும். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிவிநாடி. பந்தியில் பரிமாற இருக்கும் ஒரே ஆளைத் தேங்காய் துருவவும் அனுப்பினால் இலைகள் காத்துத்தான் கிடக்கும்.

எனவே கனமான வேலையை வேறு த்ரெட்டுக்கு அனுப்பிவிட்டு, எழுத்தை மட்டும் மெயின் த்ரெட்டிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியை மறப்பவர்களும் உண்டு. பின்னணி த்ரெட்டிலிருந்து லேபிளைத் தொட்டால் ஆண்ட்ராய்டு பெரும்பாலும் எக்ஸெப்ஷன் வீசி செயலியையே நிறுத்திவிடும். ஐஓஎஸ்ஸில் சில வேளை எந்தச் சத்தமும் இல்லாமல் பழைய எழுத்தே நின்றுகொண்டிருக்கும். என்னைக் கேட்டால், செயலி நின்றுபோவதே மேல். 2017-ல் எக்ஸ்கோட் 9-உடன் வந்த மெயின் த்ரெட் செக்கர், இத்தகைய இடங்களைச் சுட்டிக்காட்டுகிறது. அதை அணைத்துவைக்காதீர்கள்.

வெறும் எழுத்துதானே என்று விட்டுவிடுபவர்களை என்னால் ஏற்க முடிவதில்லை. மனிதர்கள் திரையை நம்பித்தான் அடுத்த பட்டனை அழுத்துகிறார்கள். தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரத்தில் நேர்ந்தது இதன் மறுபக்கம். 1986-ல் டெக்சாஸின் டைலர் நகரில், எக்ஸ்ரே என்று தவறாகத் தட்டியதை எலெக்ட்ரான் என்று இயக்குபவர் விரைவாகத் திருத்தினார். திரை திருத்தத்தைக் காட்டியது. காந்தங்கள் அமையப் பிடித்த சுமார் 8 விநாடிக்குள் செய்த அந்தத் திருத்தத்தை உள்ளிருந்த நிரல் கவனிக்கவில்லை. அடுத்த மாதம் அதே இடத்தில் அதே பிழை மீண்டும் நேர்ந்தது. அளவுமீறிய கதிர்வீச்சு பட்ட நோயாளிகள் இருவரும் இறந்தார்கள். திரையும் உள்ளிருப்பதும் வேறு வேறாகும் எந்தப் பிழையையும் நான் சின்னதாக எண்ணாததற்கு இதுவே காரணம்.

ரியாக்டில் எழுதுபவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. கூடையில் ஒரு பொருள் சேர்ந்ததும் 'மொத்தம்' மாற வேண்டும். பழைய பட்டியலிலேயே புஷ் செய்து, அதையே யூஸ்ஸ்டேட் தந்த ஃபங்ஷனிடம் கொடுக்கிறார்கள். ரியாக்ட் உள்ளே எண்ணிப் பார்ப்பதில்லை. வந்தது அதே பட்டியலா என்று மட்டும் பார்க்கிறது, அதேதான் என்றால் மறுபடி வரைவதில்லை. பிறகு வேறு காரணத்தால் திரை வரையப்படும்போது சரியான எண் தோன்றிவிடும். "சில நேரம் வேலை செய்யுது சார்" என்று அவர்கள் சொல்வது இதனால்தான். பழைய பட்டியலை நகலெடுத்து, புதுப் பொருளையும் சேர்த்து, அந்தப் புதிய பட்டியலைக் கொடுங்கள். மொத்தம் மாறிவிடும்.