வீட்டுலருந்து படிச்ச பிள்ளைக்கு ஆயிரம் ரூபா கிடையாதாம்

காலேஜ் சேர்ந்த பிள்ளைங்களுக்கு அரசாங்கம் மாசம் ஆயிரம் ரூபா தருது. 2022 செப்டம்பர்ல பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண், 2024 ஆகஸ்ட்ல பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். நல்ல திட்டம்தான். நோட்டு வாங்க, மத்தியானம் சாப்பிட அப்பன்கிட்ட கை நீட்ட வேண்டியதில்ல. என் சண்டை அதுல இருக்குற ஒரு நிபந்தனையோடதான். ஆறாவதுலருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணுமாம். அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சாலும் உண்டு. வீட்டுல இருந்து படிச்சுத் தனித்தேர்வரா பாஸ் பண்ணின பிள்ளைக்குக் கிடையாது.

யாருங்க அந்தப் பிள்ளைங்க? டவுன்ல சில பேர் பள்ளிக்கூடமே வேணாம்னு வீட்டுலயே சொல்லிக் கொடுக்குறாங்க, அது அவங்க விருப்பம். கிராமத்துல கதையே வேற. எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு ஏழாவது வரைக்கும் அரசுப் பள்ளிதான். அம்மா படுத்த படுக்கையானதும் படிப்பு நின்னு போச்சு. வீட்டு வேலை, ஆடு மேய்க்கிறது, கீழ இருக்குற தம்பி எல்லாம் அது தலையில. ராத்திரியில பழைய புத்தகத்தை வச்சுப் படிச்சு எட்டாவது, பத்தாவது, பன்னிரண்டு எல்லாமே தனித்தேர்வு எழுதித் தேறிடுச்சு. காலேஜ்ல சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குப் போனா, எமிஸ் நம்பர் எங்கேன்னு கேக்குறாங்க. பள்ளிக்கூடமே போகாத வருஷங்களுக்குப் பதிவு எங்கருந்து வரும்?

நியாயமா யோசிங்க. தனித்தேர்வரோட மார்க் சீட்டும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் கொடுக்குறதுதான். காலேஜ் சேர அந்தப் பேப்பர் செல்லும், உதவித்தொகைக்கு மட்டும் செல்லாதா?

பள்ளி செல்லாப் பிள்ளைங்கன்னு வருஷா வருஷம் வீடு வீடா வந்து கணக்கெடுக்குறாங்க. அந்தக் கணக்குல பேர் இருக்குற பிள்ளை, எந்த வாத்தியாரும் இல்லாம தானே முட்டி மோதி மேல வந்தா, அதுக்குத்தானே முதல்ல கை கொடுக்கணும்?

அரசுப் பள்ளிக்குப் பிள்ளைங்க வரணும்னுதான் இந்த நிபந்தனைன்னு சொல்வாங்க. அது எனக்கும் புரியுது. அதனாலதான் 7.5 சதவீத ஒதுக்கீட்டுல நான் கை வைக்கச் சொல்லல. மருத்துவத்துல 2020லயும், இன்ஜினியரிங், விவசாயம் மாதிரிப் படிப்புகள்ல 2021லயும் வந்த அந்த இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கே இருக்கட்டும். அங்க ஒருத்தருக்குக் கொடுத்தா இன்னொருத்தருக்குக் குறையும். மாச ஆயிரம் அப்படி இல்லையே. வசதியானவன் புகுந்துடுவான்னு பயமா? வருமானச் சான்று கேளுங்க. எந்த வகுப்புல நின்னுச்சு, எதனால நின்னுச்சுன்னு தலைமை ஆசிரியரும் விஏஓவும் எழுதிக் கொடுக்கட்டும். உதவி பெறும் பள்ளிப் பொண்ணுங்களும் முதல்ல இந்தத் திட்டத்துல இல்ல, பின்னாடிதான் சேர்த்தாங்க. அப்படி ஒரு தடவை திறந்த கதவு இன்னொரு தடவை திறக்காதா?

அதுவரைக்கும் இந்த மாதிரிப் பிள்ளை வச்சிருக்குறவங்க சும்மா உட்காந்துடாதீங்க. எல்லா உதவியும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கொடுக்குறது இல்ல. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல உதவித்தொகைகளுக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும்தான் முக்கியம். வருமான வரம்பு வருஷத்துக்கு 2.5 லட்சம். வீட்டுல யாருமே பட்டம் வாங்கலன்னா முதல் பட்டதாரிச் சான்று எடுங்க. கவுன்சிலிங் வழியா இன்ஜினியரிங் மாதிரித் தொழிற்படிப்புல சேர்றவங்களுக்கு அதுல கல்விக் கட்டணச் சலுகை உண்டு. சாதி, வருமான வரம்பு எதுவும் அதுக்கு இல்ல. எல்லாத்துக்கும் இ-சேவை மையத்துலயே மனு போடலாம். ஆனா ரிசல்ட் வந்த பிறகு ஓடாதீங்க, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு மூணு மேசை தாண்டி வரணும். தேர்வு எழுதும்போதே போட்டு வச்சிருங்க.

ஆயிரம் ரூபா விஷயத்தை மட்டும் விடக்கூடாது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2னு கிராம சபை வருது. ரோடு, லைட்டு, தண்ணியோட இதையும் ஒரு தீர்மானமா எழுதச் சொல்லுங்க. எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லிட்டு அப்புறமா கையெழுத்துப் போடுங்க.